தொழிலாளர் பங்காளியான ஸ்தாபனத்தில் ஊக்கம் உண்டாவது எங்ஙனம்?

(கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் எழுதியது)

அடுத்தவன் வயலில் உழுகிறவன் பொழுது எப்போது சாயும் என்று பார்ப்பான் என்றும், தன் வயலில் உழுகிறவனுக்குப் பொழுது சாய்வதே தெரியாது என்றும் நம் கிராமங்களில் கூறுவதுண்டு. இந்த நம்பிக்கையின்மேல்தான் தொழிலாளரையே பங்குதாரராகக் கொண்ட சங்கங்களும் கம்பெனிகளும் பல தேசங்களில் எழும்பியிருக்கின்றன. உழைப்பவரே மூலதனம் போட்டு, உழைப்பவரே நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்து, வருகிற லாபத்தையும் தாமே பங்கிட்டுக்கொள்வது இம்முறை. இத்தகைய இடத்தில் தொழிலாளருக்கு ஊக்கம் உண்டாக்குவது என்பது ஒரு பிரச்னையாகவே இருக்க நியாயமில்லை என்று நேயர்கள் எண்ணலாம். இலாகாவில் சேர்ந்த புதிதில் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

சில வருஷங்களுக்கு முன்பு உத்தியோக நிமித்தமாக ஒரு தையல் தொழிலாளர் சங்கத்துக்குச் சென்றேன். அங்கத்தினர் அனைவரும் பெண்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சீருடை தைப்பது அவர்கள் தொழில். தாழ்வாரத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்த வயதான அம்மாள் ஒருவர் என்னைக் கண்டதும் எழுந்து நின்று, “ஐயா, இந்தத் தீபாவளிக்காவது சங்கத்துக்காரர்கள் போனஸ் கொடுப்பார்களா? தாங்கள் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?” என்று கேட்டார்.

“சங்கத்துக்காரர்கள் என்றால் யாரம்மா?” என்றேன்.

அவர் ஆபீஸ் அறையைக் கையால் காட்டினார். அவ்வறையில் அச்சமயம் இருந்தவர் மாதச் சம்பளத்துக்கு அமர்ந்த குமாஸ்தா ஒருவரே. உள்ளே போய் அங்கத்தினர் ரிஜிஸ்தரைப் புரட்டிப் பார்த்தேன். அந்த அம்மாளின் பெயர் முதல் பக்கத்தில் இருந்தது. சங்கம் பதிவான நாளிலிருந்து அவர் பங்குதாரர். சங்கத்தின் சொந்தக்காரர் அவர். சம்பளம் வாங்குகிறவர் குமாஸ்தா. ஆனால் இருவர் மனத்திலும் அது தலைகீழாகப் பதிந்திருந்தது. இதற்கு அந்த அம்மாளைக் குறை கூறுவதில் பயனில்லை. பங்குச்சீட்டு ஒன்றைப் பெட்டியில் வைத்திருப்பது தவிர, சொந்தக்காரர் செய்யக்கூடிய காரியம் எதையும் செய்யும்படி அத்தனை வருஷங்களில் அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை.

சிறிய சங்கத்தில் நான் கண்ட இவ்விஷயமே மிகப் பெரிய அளவில், தேசம் முழுதும் பத்திரிகைகளில் படிக்கும்படியாக, 2015-ம் வருஷம் மூணாறில் வெளிப்பட்டது. அதைச் சற்று விரிவாக எழுதுவது தொழிலாளர் சங்கங்களை நடத்துவோருக்கு உபயோகமாயிருக்கும்.

மூணாறு, கேரளத்தின் இடுக்கி ஜில்லாவில் மேற்குத் தொடர்ச்சி மலைமேல் உள்ள ஊர். அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்வோர் பெரும்பாலும் தமிழரே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அம்மலைக் காடுகளை அழித்துத் தோட்டம் போடத் தொடங்கியபோதும் அதற்குப் பிறகும், நமது தென் ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் அழைத்துச்சென்ற குடும்பங்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். வெள்ளைக்காரக் கம்பெனியின் கையிலிருந்த தோட்டங்கள் பிற்காலத்தில் டாட்டா டீ கம்பெனிக்கு வந்தன. 2000-ம் வருஷத்தை ஒட்டித் தேயிலை விலை வீழ்ச்சியுற்றபோது தோட்டத் தொழில் நஷ்டத்தில் விழுந்தது. டாட்டா டீ கம்பெனி தோட்டங்களிலிருந்து விலகி, பொட்டலத் தேயிலை வியாபாரத்தில் கவனம் செலுத்தத் தீர்மானித்தது. அப்போது தோட்டங்களை மூடாமலும் வேறு ஒருவருக்கு விற்காமலும், அங்கு வேலை செய்வோரையே பங்குதாரராகக் கொண்ட ஒரு புதிய கம்பெனியிடம் ஒப்படைக்க ஏற்பாடாயிற்று. கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் என்ற அக்கம்பெனி 2005-ம் வருஷம் ஏப்ரலில் நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டது. தொழிலாளரும் உத்தியோகஸ்தருமாகப் பன்னீராயிரம் பேருக்கு மேல் அதில் பங்கு எடுத்தனர். பங்குகளில் பெரும்பகுதி அவர்களுடையது. பழைய கம்பெனி சிறு பகுதியை வைத்துக்கொண்டது. கொழுந்து பறிக்கும் பெண் தோட்டத்துக்குப் பங்காளியானாள் என்று அக்காலத்தில் பலரும் புகழ்ந்தனர். அதில் நியாயமும் இருந்தது. தோட்டங்கள் மூடப்பட்டிருந்தால் லயங்களிலிருந்து அத்தனை குடும்பங்களும் வெளியேற நேர்ந்திருக்கும். நஷ்டத்தில் கிடந்த தோட்டங்கள் லாபத்துக்குத் திரும்பவும் செய்தன.

பத்து வருஷம் சென்றது. 2015-ல் லாபம் பெரிதும் குறைந்துவிட்டது என்று கூறிய கம்பெனி, அவ்வருஷத்துக்குரிய போனஸ் 10 சதவிகிதம் என்று அறிவித்தது. முந்திய வருஷம் கிடைத்ததில் இது ஏறக்குறையப் பாதி. செப்டம்பர் மாதம் ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர் கூடைகளை வைத்துவிட்டு மலையிலிருந்து இறங்கி வந்து, மூணாறு பஜாரில் ரஸ்தாவில் உட்கார்ந்தனர். 20 சதவிகிதம் வேண்டும் என்பது கோரிக்கை. இதில் கவனிக்கவேண்டியது யாதெனில், தங்களுக்காகப் பேச வந்த தொழிற்சங்கத் தலைவர்களையும் அவர்கள் ஏற்கவில்லை. அவர்கள் நிர்வாகத்தோடு ஒத்துப்போகிறவர்கள் என்று கூறி அப்பால் போகச் சொல்லிவிட்டனர். தலைவர்கள் எல்லோரும் ஆண்கள். கொழுந்து பறிப்பவரோ பெண்கள். தங்கள் கூட்டத்துக்குப் பெண்கள் ஒற்றுமை என்ற பொருளில் ‘பெம்பிளை ஒருமை’ என்று அவர்களே பெயரிட்டுக்கொண்டனர். அப்போது எதிர்க்கட்சித் தலைவராயிருந்த வி. எஸ். அச்சுதானந்தன் அங்கு வந்து அவர்களோடு அமர்ந்தார். சர்க்கார் நடத்திய பேச்சுவார்த்தையில் செப்டம்பர் 13-ந் தேதி ராஜி ஏற்பட்டது. போனஸ் சட்டத்தின்படி கொடுத்தே தீரவேண்டிய குறைந்த அளவாகிய 8.33 சதவிகிதமும், அதற்கு மேல் கருணைத் தொகையாக 11.67 சதவிகிதமும் சேர்ந்து 20 சதவிகிதம் கிடைத்தது. அதன் பிறகு 232 ரூபாயாக இருந்த தினக்கூலியை 500 ஆக்கவேண்டும் என்ற கிளர்ச்சி எழுந்து, அக்டோபரில் 301 ரூபாய் என்று முடிவாயிற்று. அதனோடு ஒரு நாளைக்குப் பறிக்கவேண்டிய கொழுந்தின் அளவும் 21 கிலோவிலிருந்து 25 கிலோவாக உயர்த்தப்பட்டது.

பங்குதாரரே வேலைநிறுத்தம் செய்வதா, தன் கடையைத் தானே அடைப்பதா என்று சிலர் ஏளனமாகக் கேட்கக்கூடும். அது சரியான கேள்வி அன்று. அப்பெண்கள் பங்கு பெற்று பத்து வருஷம் ஆகியும் ரஸ்தாவில் உட்காருவதைத் தவிர வேறு வழி அவர்களுக்குத் தோன்றாமற்போனதற்குக் காரணம் என்ன என்பதே கேட்கத்தக்கது.

ஒரு காரணம் வெளிப்படை. சில ஆயிரம் ரூபாய்ப் பங்கு வைத்திருக்கும் ஒருவருக்கு அதன்மேல் வருகிற டிவிடெண்டு மிகச் சொற்பமாகவே இருக்கும். குடும்பத்தைத் தாங்குவது கூலி. வருஷத்துக்கு ஒரு முறை கடனை அடைப்பதும் பிள்ளைகளைப் படிக்கவைப்பதும் போனஸ். பங்கு வகையில் நூறு கிடைத்து, போனஸ் வகையில் ஆயிரக்கணக்கில் குறைந்தால், அவர் தம்மைப் பங்காளி என்று நினைப்பாரா, கூலி என்று நினைப்பாரா? பங்கு கொடுத்துவிட்டால் மனம் மாறிவிடும் என்று எண்ணுவோர் இந்தச் சிறு கூட்டல் கழித்தலைப் போட்டுப் பார்க்கவேண்டும்.

மற்றொரு காரணம் வாக்குரிமையைப் பற்றியது. கம்பெனிச் சட்டப்படி எண்ணி வாக்கெடுக்கும்போது பங்குக்குத் தக்கவாறு வாக்கு. அதிகப் பங்குள்ளவருக்கு அதிகப் பலம். கூட்டுறவுச் சங்கத்திலோ ஒருவருக்கு ஒரு வாக்குதான். பத்துப் பங்கு உடையவரும் ஒரு பங்கு உடையவரும் சமம். இந்த வித்தியாசம் சிறிதன்று. எனினும் நான் இலாகாக்காரன் என்பதால் சங்கத்தை உயர்த்திக் கம்பெனியைத் தாழ்த்துகிறேன் என்று நினைக்கவேண்டாம். ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற விதி சுவரில் எழுதப்பட்டிருக்கும் நமது சங்கங்கள் பலவற்றில், அந்த வாக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை தேர்தலன்று விழித்து, மறுநாளே தூங்கப் போய்விடுகிறது. மூணாறு பெண்களுக்கு அன்றாட விஷயங்களில் குரல் கொடுத்து வந்தது தொழிற்சங்கம். அதன்மேல் நம்பிக்கை போன அன்றே பேசுவதற்கு இடமும் போய்விட்டது.

எல்லாவற்றிலும் முக்கியமான காரணம் கணக்கு. லாபம் குறைந்தது என்று கம்பெனி கூறியது. பெண்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கம்பெனியின் கணக்குகள் சட்டப்படி தணிக்கை செய்யப்படுபவை. ஆயினும் கிலோ எடையில் வாழ்க்கை நடத்தும் ஒருவருக்குக் கோடிக்கணக்கில் எழுதிய லாப நஷ்டப் பட்டியல் எதைத் தெரிவிக்கும்? அதே கணக்கை அவருடைய கூடையிலிருந்து தொடங்கிச் சொல்லிப் பாருங்கள். ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலை கிடைக்கிறது. அன்று நாள் கணக்குக்குரிய கொழுந்து 21 கிலோ. அதிலிருந்து வரும் தேயிலை நாலே முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அந்த நாளின் கூலி 232 ரூபாய். ஆகவே ஒரு கிலோ தேயிலையின் விலையில் பறிகூலி மட்டும் ஏறக்குறைய 50 ரூபாய். ஏலத்தில் கிலோவுக்கு 10 ரூபாய் இறங்கினால், அதே கூடையிலிருந்து வரும் வரும்படியில் நாள் ஒன்றுக்கு 47 ரூபாய் குறைந்துபோகும். இவ்வளவையும் எழுதப் படிக்கத் தெரியாதவரும் விரல்விட்டு எண்ணிவிடலாம். எண்ணிய பிறகு அவரே மேலும் கேட்பார்: விறகுக்கு எவ்வளவு, உரத்துக்கு எவ்வளவு, மானேஜர்களின் சம்பளத்துக்கும் பங்களாவுக்கும் எவ்வளவு என்று. கேட்கட்டும். அக்கேள்விகளுக்கு அஞ்சுகிற நிர்வாகம் ‘நீங்களே முதலாளிகள்’ என்று மேடையில் பேசாமலிருப்பது நல்லது.

கம்பெனியாக அமைந்ததால்தான் இப்படி நேர்ந்தது, சங்கமாக இருந்தால் நேராது என்று சமாதானம் அடைவதற்கும் இடமில்லை. ஸ்பெயின் தேசத்தில் பாஸ்க் பிரதேசத்தில் மொந்த்ராகோன் என்ற ஊர் தொழிலாளர் கூட்டுறவுக்கு உலகப் பிரசித்தம். அரிஸ்மெண்டியாரியெட்டா என்ற பாதிரியார் அவ்வூரில் ஒரு தொழிற்பள்ளி ஏற்படுத்தினார். அவரிடம் பயின்ற ஐந்து வாலிபர்கள் 1956-ல் உல்கோர் என்ற பட்டறையைத் தொடங்கி அடுப்பு செய்தனர். பிறகு வீட்டுச் சாமான் இயந்திரங்களாகத் தொழில் விரிந்தது. அங்கு ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு. லாபத்தில் ஒரு பகுதி அவரவர் பெயரிலுள்ள மூலதனக் கணக்கில் வரவு வைக்கப்பட்டு, வேலையை விட்டு விலகும்போது கையில் கிடைக்கும். மேல் உத்தியோகஸ்தரின் சம்பளம் கீழ்ப்படிச் சம்பளத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் போகக்கூடாது என்று ஆரம்ப காலத்தில் வரம்பும் வைத்திருந்தனர். இத்தனை நல்ல விதிகளும் இருந்தும் 1974-ல் உல்கோரில் வேலைநிறுத்தம் ஏற்பட்டது. அப்போது அங்கத்தினர் தொகை மூவாயிரத்தைத் தாண்டியிருந்தது. வேலைகளைத் தரம் பிரித்துச் சம்பளப்படி நிர்ணயிக்கும் ஏற்பாட்டில் மனக்கசப்பு மூண்டதே காரணம். முன்னின்ற 17 பேரைச் சங்கம் நீக்கிவிட்டது. 1978-ல் அவர்கள் திரும்பி வரலாம் என்று பொதுச்சபை அனுமதித்தது. ஒருவரையொருவர் முகம் பார்த்துப் பழகிய ஐவரின் பட்டறையில் செல்லுபடியான நம்பிக்கை, மூவாயிரம் பேர் கூடிய இடத்தில் தானாக வந்து நிற்பதில்லை. ‘உன் வேலை இந்தத் தரம்’ என்று மேலிருந்து ஒரு தாள் வந்தால், அதை அனுப்பியவர் நாம் தேர்ந்தெடுத்தவர்தான் என்ற நினைவு ஆறுதல் தருவதில்லை.

இனி, நமக்குப் பக்கத்திலேயே நல்லபடி நடக்கும் ஒன்றைப் பார்ப்போம். வடகரைக்கு அருகில் ஊராளுங்கல் என்ற இடத்தில் 1925-ம் வருஷம் கூலி வேலைக்காரர் பதினால்வர் சேர்ந்து ஒரு பரஸ்பர சகாய சங்கம் அமைத்தனர். அக்காலத்தில் மலையாள ஜில்லா சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததாகையால், அது நமது இலாகாவின் பழைய ரிஜிஸ்தரில் ஏறிய சங்கம் என்பதை இங்கே சற்றுப் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். வாக்படானந்தர் என்ற சீர்திருத்தக்காரரின் உபதேசத்தைப் பின்பற்றிச் சாதி வழக்கங்களைக் கைவிட்டவர்களுக்கு நிலக்காரர்கள் வேலை கொடுக்க மறுத்ததே அச்சங்கம் தோன்றக் காரணம். ரஸ்தாவும் மதகும் கட்டும் சிறு ஒப்பந்தங்களில் தொடங்கிய அது, இன்று பெரிய பாலங்களையும் கட்டிடங்களையும் கட்டுகிறது. அதில் வேலை செய்வோர் பதினாயிரத்துக்கு மேற்பட்டவர். 2025-ல் அதற்கு நூறு வயது நிறைந்தது.

மூவாயிரம் பேரிலேயே உல்கோரில் பிளவு கண்டதே, இங்கு எப்படி என்று கேட்கலாம். அச்சங்கத்தின் டைரக்டர்கள் வேலையில் வளர்ந்த அங்கத்தினர்களே. வெளியிலிருந்து வந்து கௌரவமாக நாற்காலியில் அமர்கிறவர் அல்லர். ஒவ்வொரு வேலைத்தலத்திலும் லீடர் ஒருவர் உண்டு. டைரக்டர் சபை மாதத்துக்கொருமுறை கூடுவதன்று. நாள்தோறும் மாலையில் கூடுகிறது. இன்று எந்த இடத்தில் ஜல்லி தாமதமாயிற்று, எங்கே ஆட்கள் சும்மா இருக்க நேர்ந்தது, நாளைக்கு எந்த இயந்திரம் எங்கே போகவேண்டும் என்பதெல்லாம் அன்றன்றே பேசித் தீர்க்கப்படுகின்றன. வேலைத்தலத்தில் நிற்கும் ஒருவர் காலையில் சொன்ன குறை, இரவுக்குள் சபையின் முன் வந்துவிடுகிறது. பெரிய ஸ்தாபனத்தைச் சிறியதாக வைத்திருக்கும் வழி இது. நமது சங்கங்களில் பஞ்சாயத்தார் கூட்டத்துக்குக் கோரம் சேர்ப்பதற்கே காரியதரிசி சைக்கிளில் நாலு தெரு சுற்றவேண்டியிருப்பதை நினைத்தால் எனக்கு வெட்கமாயிருக்கிறது. புதிதாக வருகிறவரை உடனே பங்காளியாக்காமல், சில காலம் கூட உழைத்துப் பழகிய பிறகே அங்கத்தினராகச் சேர்க்கும் வழக்கமும் அங்குண்டு. பங்கு என்பது வேலைக்குச் சேர்ந்த அன்று கையில் திணிக்கப்படும் தாள் ஆகாமல், விரும்பி அடையும் ஒரு ஸ்தானமாகிறது.

இதனோடு இந்தியன் காபி ஹவுஸ் தொழிலாளர் சங்கங்களையும் சொல்லவேண்டும். காபி போர்டு தன் காபிக் கடைகளை மூடத் தொடங்கியபோது, வேலை இழந்தவர்கள் ஏ. கே. கோபாலனின் தூண்டுதலால் 1957-ல் முதற் சங்கத்தைப் பெங்களூரில் அமைத்தனர். திருச்சூரில் 1958-ல் சங்கம் உண்டாயிற்று. மேஜை துடைக்கும் வேலையில் சேர்ந்தவர் படிப்படியாக உயர்ந்து மானேஜராகலாம் என்பது அங்கு ஏற்பட்ட வழக்கம். காபி பரிமாறுகிறவருக்கு அன்றைய வியாபாரம் கண்ணெதிரே தெரியும். கணக்கை யாரும் வந்து விளக்கத் தேவையில்லை. சிறிய தொழிலில் இது ஒரு பெரிய அனுகூலம்.

ஊக்கம் இருந்தால் எல்லாம் வந்துவிடும் என்றும் நான் கூறமாட்டேன். பீடித் தொழிலாளருக்குப் பாதுகாப்புத் தரும் 1966-ம் வருஷத்துச் சட்டம் அமலுக்கு வந்தபோது, கண்ணனூர்ப் பக்கத்தில் பெரிய பீடி முதலாளி தொழிற்சாலைகளை மூடிவிட, வேலையிழந்தோருக்காக 1969-ல் கேரள தினேஷ் பீடிச் சங்கம் உண்டாயிற்று. பீடி சுற்றும் கூடத்தில் ஒருவர் உரக்கப் பத்திரிகை வாசிக்க, மற்றவர் அவருடைய பங்குப் பீடியைச் சுற்றிக் கொடுக்கும் பழைய வழக்கம் அப்பக்கத்தில் இருந்தது. உலக விவகாரம் தெரிந்த தொழிலாளர் அவர்கள். உச்ச நிலையில் நாற்பதினாயிரம் பேருக்கு மேல் அதில் வேலை செய்தனர். ஆனால் ஜனங்கள் பீடி குடிப்பது குறைந்தது. எவ்வளவு ஊக்கம் இருந்தும் வியாபாரம் சுருங்கியது. குடை, மசாலாப் பொடி முதலிய வேறு தொழில்களுக்குச் சங்கம் திரும்பவேண்டியதாயிற்று. உல்கோரின் வழிவந்த பாகோர் வீட்டுச் சாமான் சங்கமும், அங்கத்தினர் தங்கள் சம்பளத்தைத் தாங்களே குறைத்துக்கொண்டும் 2013-ல் திவாலாயிற்று. சந்தை மாறுவதை ஊக்கம் தடுக்காது. ஆனால் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ள அவர்களே வாக்களித்தனர் என்பதையும், மூணாறில் போனஸ் குறைந்தபோது நடந்ததையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். தானே கணக்குப் பார்த்து முடிவு செய்தவர் கஷ்டத்தைப் பொறுத்துக்கொள்கிறார். முடிவு நோட்டீஸ் பலகையில் வந்து ஒட்டினால் பொறுப்பதில்லை.

சோம்பேறி அங்கத்தினரை என்ன செய்வது என்று பஞ்சாயத்தார் என்னிடம் அடிக்கடி கேட்பதுண்டு. ‘நானும் முதலாளிதானே, என்னை யார் கேட்பது’ என்று சொல்லிக்கொண்டு நேரம் தாழ்த்தி வருகிறவர் எல்லாச் சங்கத்திலும் ஒருவர் இருவர் உண்டு. அவரைக் காரியதரிசி கண்டித்தால் பகை. கண்டியாமல் விட்டால் ஒழுங்காக உழைப்பவருக்கு மனம் சலிக்கும். இரண்டாவதே பெரிய கேடு. மேஸ்திரி வேண்டும், வருகை ரிஜிஸ்தர் வேண்டும். சங்கம் என்பதால் இவை வேண்டாம் என்பது பிசகு. ஆனால் தாமதத்துக்கு என்ன தண்டனை, விதிவிலக்கு யாருக்கு என்பதைப் பொதுக்கூட்டத்தில் அங்கத்தினரே பேசித் தீர்மானித்து மினிட் புத்தகத்தில் எழுதிக்கொள்ளட்டும். மேஸ்திரியாக இருப்பவர் தலைவரின் மைத்துனராக இல்லாமலிருக்கட்டும். இவ்விரண்டும் இருந்தால் பாதிப் புகார்கள் என் மேஜைக்கு வரமாட்டா என்பது அனுபவம்.

போனஸ் விஷயத்தில் நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: எவ்வளவு என்பதை வருஷ முடிவில் சொல்லலாம், எப்படிக் கணக்கிடுவது என்பதை வருஷத் தொடக்கத்திலேயே சொல்லிவிடவேண்டும். சட்டப்படி ஒதுக்கவேண்டிய சேமநிதியும் கல்வி நிதியும் போக மிச்சத்தில் எத்தனை பங்கு வேலை செய்த நாளுக்கு, எத்தனை பங்கு ஷேர்ப் பணத்துக்கு, எத்தனை பங்கு இயந்திரம் வாங்க என்று சித்திரை மாதத்திலேயே பேசி முடிவு செய்துவிட்டால், ஐப்பசியில் சண்டை வராது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை இதுவரை வந்த வரும்படியைப் பலகையில் எழுதி வைக்கவும் வேண்டும். அதுவும் தமிழில், அங்கத்தினர் எண்ணும் அளவையில். ஒரு சங்கத்தில் அறிவிப்புகள் முழுவதும் இங்கிலீஷில் ஒட்டப்பட்டிருக்கக் கண்டு, யார் படிப்பதற்காக என்று கேட்டேன். தாங்கள் வந்தால் படிப்பதற்கு என்றார் காரியதரிசி.

நான் மேலே சொன்ன தையல் சங்கத்திலும் முதலில் பிசகியவன் நானே. அவ்வருஷப் பொதுக்கூட்டத்தில் தணிக்கை அறிக்கையை ஆதியோடந்தமாக அரைமணி நேரம் உரக்க வாசித்தேன். வரவினம், செலவினம், தேய்மானம், வரவேண்டிய பாக்கி, ஒதுக்கீடு என்று நான் வாசிக்க வாசிக்க, பின்வரிசையில் இருந்தவர்கள் குழந்தைகளைத் தூங்கவைத்து, தாங்களும் தூங்கினார்கள். கணக்கு ஏகமனதாக அங்கீகரிக்கப்பட்டது. மறுவாரமே போனஸ் போதாது என்று இருபது பேர் கையெழுத்திட்ட மனு என்னிடம் வந்தது. கையெழுத்திட்டவர்களில் பலர் அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்கள்.

மறு வருஷம் காரியதரிசியும் நானும் இரண்டு நாள் உட்கார்ந்து, அதே கணக்கை நூறு சட்டைக்கு என்று மாற்றி எழுதினோம். பொதுக்கூட்டத்தில் அறிக்கையை வாசிப்பதற்கு முன்பு, கரும்பலகையில் ஒரு சட்டையை வரைந்து, அந்தச் சட்டைக்குச் சர்க்கார் தரும் கூலியில் நூலுக்கு இவ்வளவு, பட்டனுக்கு இவ்வளவு, மின்சாரத்துக்கு இவ்வளவு, ஊசிக்கும் இயந்திரப் பழுதுக்கும் இவ்வளவு, தைத்தவர் கைக்கு இவ்வளவு, சங்கத்தில் மீதி இவ்வளவு என்று எழுதினோம். சிறிது நேரம் நிசப்தம். பிறகு பழுதுச் செலவு நூல் செலவை எட்டிப் பிடிப்பதைக் கண்டு, எந்த இயந்திரம் எத்தனை முறை நின்றது என்று ஆளுக்கொன்றாகச் சொல்லத் தொடங்கினார்கள். ரிப்பேர்க்காரர் வந்து பார்க்காமலே ரசீது எழுதிய சங்கதியும் அப்போதுதான் வெளிப்பட்டது. காரியதரிசியின் முகம் சற்றுச் சுருங்கிற்று. எனக்கும், முந்திய வருஷம் அந்த ரசீதுகளைப் பார்த்துக் கையெழுத்திட்டவன் என்ற முறையில், சுகமாக இல்லை.

அந்த வயதான அம்மாள் முன்வரிசையில் இருந்தார். எழுந்து, “பட்டனை டவுன் கடையில் பெட்டி பெட்டியாகச் சில்லறை விலைக்கு ஏன் வாங்குகிறோம்? வருஷத்துக்கு வேண்டியது எவ்வளவு என்று நமக்குத்தான் தெரியுமே” என்று கேட்டார். தொகை அச்சமயம் கையில் இல்லை, கடையில் கடனுக்குக் கொடுக்கிறார்கள் என்று காரியதரிசி சமாதானம் சொன்னார். கடன் விலைக்கும் ரொக்க விலைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று இன்னொருவர் கேட்டார். அதற்குப் பதில் யாரிடமும் இல்லை. மொத்த வியாபாரிகளிடம் விலை விசாரித்து வருவதற்கு அந்த அம்மாளையும் வேறு இருவரையும் சேர்த்து ஒரு கமிட்டி நியமித்து, வழிச்செலவுக்கும் தீர்மானம் எழுதினோம். போனஸ் எவ்வளவு என்ற விஷயம் நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாக இருந்தது. அதை எடுத்துக்கொள்ளும்போது இருட்டிவிட்டது. பலகையில் மீதி என்று எழுதியிருந்த தொகையைப் பார்த்து அவர்களே கணக்கிட்டு, முந்திய வருஷத்துக்குச் சமமாகவே இருக்கட்டும், அதற்கு மேற்பட்டதில் பழைய இயந்திரங்கள் இரண்டை மாற்றலாம் என்றனர். எந்த இரண்டை என்பதில் வாக்குவாதம் மூண்டு, அது முடிவதற்குள் ஊருக்குத் திரும்பும் கடைசி பஸ்ஸும் போய்விட்டது.